பவளத் தொட்டியில் ஓடுவதும் ஒட்டுவதும்: சின்ன உயிர்களை அடையாளம் காணப் பழகிய அனுபவம்

“அண்ணே, கண்ணாடியில வெள்ளையா பொடிப்பொடியா ஏதோ ஓடுது. மருந்து ஏதாவது போடணுமா?” புதிதாகப் பவளத் தொட்டி (கடல்நீரில் உயிருள்ள பவளம் வளர்க்கும் மீன்தொட்டி) வைத்தவர்கள் எனக்கு அனுப்பும் செய்திகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும். அது என்ன உயிர் என்று கேட்பதற்கு முன்பே மருந்துக்குப் போய்விடுவார்கள். மருந்தை எடுத்து வைத்துவிட்டு, அது என்ன செய்கிறது என்று முதலில் பாருங்கள் என்பேன்.

நான் இருப்பது சிங்கப்பூரில், ஓர் அடுக்குமாடி வீட்டில். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் ஓடாவிட்டால் தண்ணீரை 26 டிகிரியில் நிறுத்த முடியாத ஊர். ஆனாலும் இங்கே பவளத் தொட்டி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். முன்பெல்லாம் லைவ் ராக் என்கிற ஈரப் பாறையை வாங்கிப் போட்டால் கடலின் ஒரு துண்டே வீட்டுக்கு வந்துவிடும். புழு, நத்தை, கடற்பஞ்சு எல்லாம் கூடவே வரும். 2018-இல் இந்தோனேசியா பவள ஏற்றுமதியை நிறுத்தி, 2020-இல் வளர்ப்புப் பவளங்களுக்கு மறுபடி வழிவிட்டது. அந்த இடைவெளியில் எனக்குத் தெரிந்த பலர் காய்ந்த பாறைக்கு மாறினார்கள். காய்ந்த பாறையில் உயிர் எதுவும் இருக்காது. அந்தத் தொட்டிகளிலும் சில மாதங்களில் ஏதாவது ஓட ஆரம்பித்துவிடும். பவளத் துண்டு ஒட்டியிருக்கும் சின்ன அடிக்கட்டை, நத்தையின் ஓடு, நண்பர் கொடுத்த பாசிக் கொத்து, இதில் எதில் வேண்டுமானாலும் வந்திருக்கும்.

எதையும் பார்ப்பதற்கு நல்ல நேரம் விளக்கு அணைந்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத்தான். பகலில் பாறை வெறும் பாறையாகத் தெரியும். இரவில்தான் அதில் குடியிருப்பவர்கள் வெளியே வருவார்கள். வெள்ளை டார்ச் அடித்தால் அடுத்த நொடி எல்லாம் பொந்துக்குள் போய்விடும். சிவப்பு ஒளியை இந்த உயிர்களில் பெரும்பாலானவை சரியாக உணர்வதில்லை. அதனால் டார்ச்சின் முகத்தில் சிவப்பு செலோஃபேன் தாளைச் சுற்றிக்கொண்டு போவேன். ஒரே பாறையின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பதுதான் வேலை. தொட்டி முழுக்க டார்ச்சை ஓட்டினால் ஒன்றும் கிடைக்காது.

பார்க்கும்போது பெயரைத் தேடாதீர்கள். நகர்கிறதா, ஒரே இடத்தில் ஒட்டியிருக்கிறதா? நகர்ந்தால் ஊர்கிறதா, துள்ளுகிறதா, நீந்துகிறதா? உடம்பு பக்கவாட்டில் தட்டையா, மேலிருந்து அமுக்கியது போல் தட்டையா? கண் தெரிகிறதா? எதன் மேல் இருக்கிறது: கண்ணாடியா, மணலா, வெறும் பாறையா, பவளத்தின் உயிருள்ள சதையா? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் பாதி விடை இருக்கிறது. கண்ணாடியிலும் வெறும் பாறையிலும் மேய்வது பெரும்பாலும் பாசியையும் கசடையும் தின்னும் உயிர். ஒரு குறிப்பிட்ட பவளத்தில் மட்டும், தினமும் அதே இடத்தில் இருந்தால், அதைச் சந்தேகிக்க வேண்டியதுதான்.

படம் எடுப்பதற்கும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு வரும் படங்களில் பெரும்பாலானவை வெறும் நீலப் புகையாக இருக்கின்றன. பவளத்துக்கு அழகு என்று நாம் போடும் நீல விளக்கில் எந்த உயிரின் நிறமும் தெரியாது. ஐந்து நிமிடம் வெள்ளை விளக்குக்கு மாற்றுங்கள். பம்ப்பை நிறுத்துங்கள், கண்ணாடியைத் துடையுங்கள், போனைக் கண்ணாடிக்கு நேராக ஒட்டிப் பிடியுங்கள். சாய்த்துப் பிடித்தால் படம் கலங்கும். போனில் மாட்டும் சின்ன மேக்ரோ லென்ஸ் விலை அதிகமில்லை, அது இருந்தால் போதும். பிடிக்க முடிகிற உயிர் என்றால் பிப்பெட்டில் உறிஞ்சி வெள்ளை ஐஸ்கிரீம் டப்பாவில் கொஞ்சம் தொட்டி நீரோடு விட்டு, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுங்கள். அளவு தெரியாத படத்தை வைத்து அனுபவசாலிகூட ஊகம்தான் சொல்ல முடியும். பத்து நொடி வீடியோ இன்னும் மேல், நடை தெரியும்.

சரி, கண்ணாடியில் ஓடும் வெள்ளைப் புள்ளிக்கு வருவோம். பத்தில் ஒன்பது முறை அது கோபிபாட், இறால், நண்டு வகையைச் சேர்ந்த மிகச் சின்ன உயிர். ஒரு மி.மீ. இருக்கும், சிலது அதற்கும் கீழே. உற்றுப் பார்த்தால் முன்பக்கம் அகன்று பின்பக்கம் கூராக முடியும், தலையில் ஒற்றைக் கண், பெண்ணாக இருந்தால் பின்னால் முட்டைப் பை தொங்கும். கண்ணாடியில் விட்டுவிட்டு நகரும்: கொஞ்சம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். நம் தொட்டிகளில் அதிகம் தென்படுவது டிஸ்பே என்கிற வகை. ஆரஞ்சு நிறத்தில் கொஞ்சம் பெரிதாக இருந்தால் டிக்ரியோபஸாக இருக்கலாம், அதைப் பலர் புட்டியில் வாங்கி விடுகிறார்கள். இரண்டுமே பாசியையும் கழிவையும் தின்று பெருகும், மீனுக்குத் தீனியாகும். மாண்டரின் மீன் நாள் முழுக்கப் பாறையைக் கொத்திக்கொண்டே இருப்பது இவற்றுக்காகத்தான். கோபிபாட் பெருகாத புதுத் தொட்டியில் மாண்டரினை விட்டால் அது மெல்ல மெல்ல மெலிந்து சாகும். கடையில் அதன் அழகைப் பார்த்து மயங்கி நிற்பவர்களிடம் நான் கேட்பது, “ராத்திரியில உங்க கண்ணாடியைப் பார்த்தீங்களா?” என்றுதான். கண்ணாடி முழுக்கப் புள்ளி ஓடினால் அது நல்ல செய்தி. அதற்கா மருந்து போடுவது?

அதே வகையில் ஆம்பிபாடும் ஐசோபாடும் இன்னும் கொஞ்சம் பெரியவை, இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். ஆம்பிபாடின் உடம்பு பக்கவாட்டில் ஒடுங்கி, முதுகு வளைந்திருக்கும். டப்பாவில் விட்டால் நிற்க முடியாமல் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு உதைத்துச் சுழலும். அதை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு சந்தேகமே வராது. ஐசோபாட் மேலிருந்து அமுக்கியது போல் தட்டை, அதனால் டப்பாவின் தரையில் ஒழுங்காக நடக்கும். ஆம்பிபாடில் பெரும்பாலானவை துப்புரவுப் பணியாளர்கள்தான். பவளத்தில் ஏறியிருந்தால், பெரும்பாலும் அது ஏற்கெனவே செத்துக்கொண்டிருக்கும் சதையைத் தின்ன வந்திருக்கும்.

ஐசோபாடிலும் பல வகை சாது. தொட்டால் உருண்டையாகச் சுருண்டுகொள்வது பயப்பட வேண்டாத வகை. ஆனால் சிரோலானிட் என்ற குடும்பம் வேறு. தலையின் இரு பக்கமும் பெரிய கண்கள், வழுவழு உடம்பு, சுருளாது, மின்னல் வேகத்தில் நீந்தும். பகலில் மணலுக்குள் இருந்துவிட்டு இரவில் மீனின் உடம்பில் ஒட்டி ரத்தம் குடிக்கும். காலையில் மீனின் செவுள் பக்கத்தில் சாம்பல் நிறப் பேன் போல ஒன்று ஒட்டியிருந்தால், அல்லது விளக்கு அணைந்த பிறகு மீன்கள் திடீர் திடீரென்று உடம்பை உதறி ஓடினால், உடனே தேடுங்கள். குறுகிய வாயுள்ள குப்பியில் ஒரு துண்டு இறால் போட்டு இரவில் மணல்மேல் வைத்தால் உள்ளே வந்து மாட்டும். ஒன்று மாட்டியதும் விட்டுவிடக் கூடாது. இவை பட்டினியை வாரக்கணக்கில் தாங்கும், அதனால் பொறியைத் தொடர்ந்து வைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சம்ப்பில் (தொட்டிக்குக் கீழே இருக்கும் வடிகட்டுத் தொட்டி) கூட்டமாக, நீரில் நின்றபடி மிதக்கும் கண்ணாடி இறால் குஞ்சுகளைப் பார்த்து, “இறால் குட்டி போட்டிருக்கு” என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. வாலில் இரண்டு மினுங்கும் புள்ளிகள் தெரிந்தால் அது மைசிட். அந்தப் புள்ளிகள் அதன் சமநிலை உறுப்பு. நம் ஊரில் கூனி என்று காயவைத்துப் பொடிக்கும் சின்ன இறால்களைப் பார்த்தவர்களுக்கு இதன் உருவம் பழக்கமாகத் தெரியும். வைத்துக்கொள்ளுங்கள், நல்ல உயிர்.

புழுக்களைப் பற்றி நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அநியாயமாகச் சாவது இவைதான். ஊரிலிருந்து வந்திருந்த அத்தை ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து வந்து, தொட்டியைப் பார்த்து, “ஐயோ, பூரான்டா! தண்ணிக்குள்ள பூரான்!” என்று கத்தினார். அது பிரிசில் புழு. இளஞ்சிவப்பும் சாம்பலும் கலந்த உடம்பு, இரண்டு பக்கமும் வெள்ளை முடிக் கற்றைகள். யூரிதோ கம்ப்ளனாட்டா என்பது அதிகம் காணப்படும் வகை. மீன் தின்னாமல் விட்ட தீனி, செத்த நத்தை, பாறையிடுக்குக் கசடு எல்லாவற்றையும் இதுதான் காலி செய்கிறது. செத்த மீனின் மேல் இந்தப் புழுக்கள் மொய்ப்பதைப் பார்த்துவிட்டு இவைதான் கொன்றன என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மீன் செத்த பிறகு வந்தவை அவை. தொட்டியில் இவை அளவுக்கு மீறிப் பெருகியிருந்தால் நீங்கள் தீனி அதிகம் போடுகிறீர்கள் என்று பொருள். தீனியைக் குறையுங்கள், எண்ணிக்கை தானாக இறங்கும். பிய்த்தெறியப் பார்க்காதீர்கள், துண்டான பகுதிகள் தனித்தனிப் புழுவாக வளர்ந்துவிடும்.

அந்த வெள்ளை முடிகள் தோலில் குத்தி முறிந்தால் எரிச்சலும் வீக்கமும் வரும். தேய்க்காமல், ஒட்டும் டேப்பை அந்த இடத்தில் அழுத்தி இழுத்தால் முடிகள் கூடவே வந்துவிடும். பாறையைத் தூக்கும்போது கையுறை போடுங்கள்.

பயப்பட வேண்டிய புழுவும் உண்டு. ஹெர்மோடிசே கருன்குலாட்டா என்கிற தாடிப் புழு பவளத்தைத் தின்னும். அதற்கு வெள்ளை முடியோடு சிவப்புச் செவுள் கொத்துகளும், தலையில் சதை மடிப்பும் இருக்கும். அது அட்லாண்டிக், கரீபியன், மத்தியதரைக் கடல் பக்கத்து உயிர், இந்தோனேசியப் பாறையில் வருவதற்கு வாய்ப்பு குறைவு. நம் பக்கம் அதிகம் கவனிக்க வேண்டியது யூனிசே புழு. தலையில் எத்தனை உணர்கொம்புகள் என்று எண்ணுங்கள். ஐந்து கொம்புகள், உடம்பில் வானவில் போன்ற பளபளப்பு, பொந்திலிருந்து தலையை மட்டும் நீட்டிப் பாசியைப் பிடித்து இழுத்து உள்ளே போவது, இவை சேர்ந்தால் யூனிசே. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் நியூகீ ஊரில் இருக்கும் புளூ ரீஃப் அக்வேரியத்தில், பவளங்கள் இரவோடு இரவாகத் துண்டாகிக் கிடந்தன. பொறி வைத்தும் பிடிபடவில்லை. 2009-இல் காட்சித் தொட்டியையே பிரித்துப் பாறை பாறையாக எடுத்தபோது ஒரு மீட்டருக்கு மேல் நீளமான புழு கிடைத்தது. குட்டியாகப் பாறைக்குள் வந்து, யாரும் பார்க்காமல் வளர்ந்த ஒன்று. வீட்டுத் தொட்டியில் அவ்வளவு பெரிதாக வருவது அபூர்வம். ஆனாலும் ஐந்து கொம்பைக் கண்டால் அந்தப் பாறையை வெளியே எடுத்து, தனி வாளியில் கடல்நீரில் வைத்துவிட்டு, பொந்தை விட்டு வெளியே வருகிறதா என்று பார்ப்பது என் வழக்கம். உணர்கொம்பு எண்ணுவதற்கு ஒரு நல்ல படம் வேண்டும், அதற்குத்தான் மேலே அவ்வளவு சொன்னேன்.

பாறையிடுக்கிலிருந்து நூல் நூலாக நீண்டு மணலைத் துழாவுவது ஸ்பகெட்டிப் புழு. நூல்தான் தெரியும், உடம்பு தெரியாது. ஒன்றும் செய்யாது, விட்டுவிடுங்கள்.

அடுத்து வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருப்பவை. இதில் மூன்றைப் பிரித்தறியத் தெரிந்தால் போதும். ஒன்று, கண்ணாடியிலும் பம்ப் மேலும் பரவும் ஒன்றிரண்டு மி.மீ. அளவுள்ள சுருள். தட்டையாகச் சுருண்டிருக்கும். லென்ஸில் பார்த்தால் வாயில் மெல்லிய இறகுக் கிரீடம் விரியும். இது ஸ்பைரோர்பிட், நீரை வடிகட்டி வாழும் குட்டிப் புழு, கவலையே வேண்டாம். இரண்டாவது, சம்ப்பின் இருட்டு மூலையில் ஒரு செ.மீ. அளவில், உச்சியில் முடிக் குடுமியோடு இருக்கும் வெள்ளை உருவம். அது சைக்கான் என்ற கடற்பஞ்சு. அதுவும் நீரை வடிகட்டும். மூன்றாவதுதான் வம்பு: வெர்மெட்டிட் நத்தை. சுருளில் ஆரம்பித்துப் பிறகு நிமிர்ந்து நிற்கும் கடினமான குழாய், நுனி கையைக் கீறும் அளவுக்குக் கூர். இறகு வராது. தீனி போட்டதும் குழாய் வாயிலிருந்து சளி நூலை வலையாக வீசும், பிறகு அதை இழுத்துத் தின்னும். அந்த வலை பவளத்தின் மேல் படிந்தால் பவளம் விரியாமல் சுருங்கிக் கிடக்கும். 2010-இல் வெளியான, பிரெஞ்சு பாலினேசியாவின் மூரியா தீவில் செய்த ஆய்வு, வெர்மெட்டிட் இருக்கும் இடத்தில் பவளத்தின் வளர்ச்சியும் பிழைப்பும் குறைவதைக் காட்டியது.

இறகா, சளியா? இதைப் பார்க்கப் பம்ப்பை நிறுத்தி, பொடித் தீனி கொஞ்சம் தூவி, பத்து நிமிடம் பொறுத்தால் போதும். வெர்மெட்டிட் என்று உறுதியானால் குழாய் வாயில் சூப்பர் க்ளூ ஜெல் ஒரு பொட்டு வைத்து அடைத்துவிடலாம். வெறுமனே முறித்தால் உள்ளே இருக்கும் நத்தை குழாயை மறுபடி கட்டிக்கொள்ளும். பொடித் தீனியைக் குறைப்பதும் உதவும், அதைத்தான் அவை பிடித்துத் தின்கின்றன.

பழுப்பு நிறக் குட்டிக் கடற்சாமந்தி ஒன்று திடீரென்று பாறையில் முளைத்து நிற்கும். பார்க்க அழகுதான். நீண்ட, ஒல்லியான, நுனி கூர்ந்த விரல்கள், ஒளி ஊடுருவும் தண்டு. குச்சியால் தொட்டால் சடாரென்று பொந்துக்குள் போய்விடும். அது ஐப்டேசியா. அதன் விரல்கள் பக்கத்துப் பவளத்தைக் கொட்டும். இதே உயிரை உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்த்து, பவளமும் பாசியும் எப்படிக் கூடி வாழ்கின்றன என்று படிக்கிறார்கள். 2015-இல் அதன் மரபணுத் தொகுப்பும் வெளியானது. எளிதில் சாகாது, வேகமாகப் பெருகும் என்பதால்தான் ஆய்வுக்கு உகந்தது, அதே காரணத்தால்தான் நமக்குத் தலைவலி. கத்தியால் சுரண்டினால் ஒட்டியிருக்கும் துணுக்கிலிருந்து புதிது புதிதாக முளைக்கும். விரல்கள் குட்டையாக, நுனி சற்று உருண்டு, பச்சையோ ஊதாவோ கலந்திருந்தால் அது மஜானோ, அதுவும் பரவும். சோவா எனப்படும் பவளப் பூவின் குட்டியை ஐப்டேசியா என்று நினைத்து எரித்தவர்களும் உண்டு. சோவாவின் முகம் தட்டையான வட்டு, விரல்கள் விளிம்பில் மட்டும் குட்டையாக இருக்கும், மூடினால் மொட்டாக நிற்கும், பொந்துக்குள் ஓடாது.

ஒன்றிரண்டு ஐப்டேசியா என்றால் சுண்ணாம்புக் குழம்பைச் சிரிஞ்சில் எடுத்து, அதன் வாய்மேல் மெல்ல இறக்கினால் முடிந்துவிடும். மீன்தொட்டிக்கென்று விற்கும் கால்சியம் ஹைட்ராக்சைடு வாங்குங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பில் வேறென்ன கலந்திருக்கும் என்று தெரியாது. ஒரே நாளில் நிறைய போடாதீர்கள், தண்ணீரின் காரத்தன்மை ஏறிவிடும். தொட்டி முழுக்கப் பரவிவிட்டால் உயிர்களின் உதவிதான் வழி. பெப்பர்மின்ட் இறால் பல தொட்டிகளில் வேலை செய்கிறது. ஆனால் அதே பெயரில் கேமல் இறாலை விற்றுவிடுவார்கள். முதுகில் திமில், சிவப்பு உடம்பில் பளிச்சென்ற வெள்ளைக் கோடுகள் இருந்தால் அது கேமல், பவளத்தையே கிள்ளித் தின்னும். வாங்கும் இடத்திலேயே முதுகைப் பாருங்கள். பெர்கியா என்ற சின்ன, ஓடில்லாத கடல் நத்தை ஐப்டேசியாவை மட்டுமே தின்னும், வேறெதையும் தொடாது. ஐப்டேசியா தீர்ந்தால் அதுவும் பட்டினியில் சாகும் என்பதால், வேலை முடிந்ததும் அடுத்த நண்பருக்குக் கைமாற்றிவிடுவோம். எங்களிடையே ஒரே பெர்கியாக் கூட்டம் வீடு வீடாகப் போய் வந்திருக்கிறது.

கண்ணாடியில் நட்சத்திர வடிவில், சில மி.மீ. அளவில், விரல்களால் ஊன்றி ஊன்றி நகரும் ஒன்றைப் பார்த்தால் அது ஒரு வகை ஜெல்லி. திடீரென்று நூற்றுக்கணக்கில் வரும், கோபிபாடைத் தின்னும், சில வாரங்களில் காணாமல் போகும். மாண்டரின் வைத்திருப்பவர்கள் மட்டும் கண்ணாடியிலிருந்து உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

துரு நிறத்தில், பின்பக்கம் பிளவுபட்ட வாலோடு, பாறையிலும் மணலிலும் படர்ந்து கிடப்பவற்றைச் செந்தட்டைப்புழு என்கிறோம். கான்வொலூட்ரிலோபா என்பது அதன் பேரினப் பெயர். அறிவியல் வகைப்பாட்டில் இது உண்மையான தட்டைப்புழுவே இல்லை, வேறு கிளை. உடம்புக்குள் பாசியை வைத்துக்கொண்டு விளக்கொளியில் வாழ்கிறது, அதனால்தான் வெளிச்சம் படும் இடத்தில் விரித்துப் படுக்கும். பவளத்தைத் தின்னாது, ஆனால் மேலே போர்த்திக்கொண்டால் பவளத்துக்கு ஒளி கிடைக்காது. இதற்கு மருந்து உண்டு, நன்றாகவே வேலை செய்யும். ஆபத்தும் அங்கேதான். ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் செத்தால் அவற்றின் உடம்பிலிருக்கும் நஞ்சு நீரில் கலந்து மீன்களையே கொல்லும். ஆகவே முதலில் மெல்லிய குழாயால் சில நாட்கள் உறிஞ்சி உறிஞ்சி எண்ணிக்கையைக் குறைத்துவிடுங்கள். நஞ்சை உறிஞ்சும் புதிய கார்பன், மாற்றுவதற்குக் கலந்து வைத்த உப்பு நீர், இரண்டும் கையில் இருந்தால்தான் மருந்தைத் திறக்க வேண்டும்.

உண்மையிலேயே பவளத்தைத் தின்பவற்றை நேரில் காண்பது கடினம், தின்ற தடத்தைக் காண்பது எளிது. அக்ரோபோரா என்ற கிளைப் பவளத்தைத் தின்னும் தட்டைப்புழுவுக்கு 2011-இல்தான் அறிவியல் பெயரே கிடைத்தது, பவளத்தின் நிறத்திலேயே ஒளிந்திருக்கும். வெளிறிய வட்ட வட்டக் கடிகளும், கிளையின் அடியில் சதை போன இடத்தில் பழுப்பு முட்டைக் கூட்டமும்தான் காட்டிக்கொடுக்கும். மோண்டிபோரா என்ற தட்டுப் பவளத்தைத் தின்னும், ஓடில்லாத வெள்ளைக் கடல் நத்தை தட்டின் அடிப்பக்கத்தில், செத்த பகுதிக்கும் உயிருள்ள பகுதிக்கும் நடுக்கோட்டில் இருக்கும். புதிய பவளம் வாங்கினால் தொட்டியில் விடுவதற்கு முன் மருந்து நீரில் முக்கி, பேஸ்டர் என்ற பெரிய பிப்பெட்டால் நீரைப் பீய்ச்சி அடித்து, டப்பாவின் அடியில் என்ன விழுகிறது என்று லென்ஸில் பாருங்கள். மருந்து முட்டையைக் கொல்லாது. அதனால் அடிக்கட்டையை வெட்டி எறிந்துவிட்டுப் புதிய கட்டையில் ஒட்டுவதும், தனித் தொட்டியில் சில வாரங்கள் வைத்து மறுபடி மறுபடி முக்குவதும்தான் பாதுகாப்பு.

சிப்பி வைத்திருப்பவர்கள் இரவில் அதன் உதட்டைப் பாருங்கள். அரிசி அளவு வெள்ளை நத்தைகள் வரிசையாக இருந்தால் அது பிரமிடெல்லிட், சாறு உறிஞ்சுகிறது. அதே அளவு நத்தை கண்ணாடியில் பாசி மேய்ந்தால் அது வேறு, விட்டுவிடுங்கள். ஆஸ்டெரினா என்கிற குட்டி நட்சத்திர மீனும் அப்படித்தான். அது உடம்பைப் பிளந்து பெருகுவதால் கைகள் சமமில்லாமல் இருக்கும். கண்ணாடியில் திரிந்தால் சரி. சோவா மேல் படுத்து, நகர்ந்த பிறகு அடியில் சதை வெளுத்திருந்தால் அந்த ஒன்றை எடுத்துவிடுங்கள். பொந்திலிருந்து பாம்பு போல ஆடும் மெல்லிய கைகள் நொறுங்கு நட்சத்திரத்தின் குட்டிகள், அவை இருக்கட்டும். காது வடிவச் சின்ன ஓட்டை முதுகில் சுமந்து வேகமாக ஓடும் ஸ்டொமடெல்லா நத்தை பாசி தின்பதில் கெட்டிக்காரன். யாராவது கொடுத்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வேன்.

கண்ணுக்குத் தெரியாதவற்றுக்கும் ஒரு வார்த்தை. மணலில் பழுப்புச் சளி, அதில் குமிழிகள், நத்தைகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன என்றால் டைனோ எனப்படும் டைனோஃப்ளஜெல்லேட் என்ற நுண்ணுயிராக இருக்கலாம். சாதாரண டயாட்டம் என்ற நுண்பாசியும் பழுப்புதான், சயனோபாக்டீரியாவும் சில நேரம் பழுப்புதான். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. நம்மில் பலர் ஊகத்தில் ஏதாவது ஒன்றைக் கொட்டுகிறோம். வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு: சளியைக் கொஞ்சம் எடுத்துக் குப்பியில் தொட்டி நீரோடு நன்றாகக் குலுக்கி, காபி வடிதாளில் வடிகட்டி, அந்த நீரை ஒரு மணி நேரம் வெளிச்சத்தில் வையுங்கள். மறுபடி நூல் நூலாகத் திரண்டால் டைனோ என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஆனால் எந்த டைனோ என்பது நுண்ணோக்கியில்தான் தெரியும். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு 2014-இல் வெளியிட்ட ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கி சுமார் 140 மடங்கு பெரிதாக்கும். பிள்ளைகளுக்கு வாங்கும் விளையாட்டு நுண்ணோக்கியும் ஆகும். கண்ணீர்த் துளி வடிவில், கூர் முனையை ஊன்றிச் சுழன்றால் ஆஸ்ட்ரியோப்சிஸ். அது இரவில் நீரில் கலந்து மிதப்பதால் புறஊதா விளக்கு நன்றாகப் பலன் தரும். முட்டை வடிவில் ஒரு முனையில் சின்ன மூக்கோடு மணலிலேயே கிடந்தால் ஆம்ஃபிடினியம். அது மிதப்பதில்லை, அதற்குப் புறஊதா விளக்கு வாங்கினால் காசு வீண். டயாட்டம் விறைப்பாக, படகு போல நேர்கோட்டில் முன்னும் பின்னும் வழுக்கும். சயனோ வெறும் இழைகள். டைனோ என்று தெரிந்தால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யமாகிவிட்டதா என்று சோதியுங்கள். தண்ணீரை அளவுக்கு மீறிச் சுத்தமாக்கிய தொட்டிகளில்தான் இது அதிகம் தலைகாட்டுகிறது.

தமிழ்நாட்டில் தொட்டி வைத்திருக்கும் நண்பர்கள், “மண்டபம் பக்கம் கரையிலேயே கல்லு கிடக்குது, எடுத்துப் போட்டா இதெல்லாம் வருமே” என்று கேட்பதுண்டு. எடுக்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கடினப் பவளங்கள் பாதுகாக்கப்பட்டவை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி 1986 முதல் கடல் தேசியப் பூங்காவும் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், அந்தக் கல்லில் இருக்கும் கோபிபாடும் புழுவும் அங்கேதான் வேலை செய்ய வேண்டும். காய்ந்த பாறையில் தொடங்கி, நம்பகமான நண்பரின் தொட்டியிலிருந்து ஒரு பிடி மணலும் ஒரு கொத்துப் பாசியும் வாங்கிப் போட்டால், சில மாதங்களில் உங்கள் கண்ணாடியிலும் புள்ளிகள் ஓடும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். வேண்டாத உயிர் நிறைந்த பாறையை வெந்நீரில் கொதிக்கவைத்துக் கொல்லலாம் என்ற யோசனை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. சோவாவின் உறவான பாலிதோவாவும் சில சோவாக்களும் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சை வைத்திருப்பவை. 1971-இல் ஹவாயில் எடுத்த பாலிதோவாவிலிருந்துதான் அதை முதன்முதலில் பிரித்தெடுத்தார்கள். பாறையைக் கொதிக்கவைத்தால் ஆவியோடு அந்த நஞ்சு வீடெங்கும் பரவும். மூச்சுத் திணறலோடு குடும்பமே மருத்துவமனைக்குப் போன நிகழ்வுகள் உண்டு. பிரஷ்ஷால் தேய்ப்பதும், வேகமாக நீரைப் பீய்ச்சுவதும்கூடக் கண்ணில் தெறித்தால் ஆபத்து. கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் போட்டு, பாறையை மூடியுள்ள வாளியில், மனிதர்கள் புழங்காத, காற்றோட்டமான இடத்தில் நன்னீரில் பல நாட்கள் ஊறவிடுங்கள். அந்த நீரைத் தெறிக்காமல் கழிவுநீர்க் குழாயில் ஊற்றிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். விரலில் சின்னக் கீறல் இருந்தாலும் அன்றைக்கு அந்த வேலையைத் தொடாதீர்கள்.